இருபத்தேழுக்கும் முப்பத்து மூன்றுக்கும் நடுவே

நானும் அத்தாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை லோரிக்குக் கிரீஸ் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. அடியில் படுத்து, கிரீஸ் கப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நிரப்பி, திருகி மூட வேண்டும். நான் கீழே படுத்திருந்தேன். அவர் வெளியே ஒரு காலி முட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து. முடிஞ்சுது. வெளிய வா."

"பதினொன்னு அத்தா."

"பத்துதான்லா. எத்தனை வருஷமா எண்ணுறேன்."

"லோரி வாங்கியே ரெண்டு வருஷந்தான் ஆச்சு."

"அதைத்தான் சொல்றேன். ரெண்டு வருஷமாப் பத்து."

பதினோராவது கப் நடுத்தண்டின் மூட்டில் இருக்கிறது. அதையும் நிரப்பி மூடினேன். வெளியே வந்தபோது அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, கடலுக்கு அக்கரையில் ஃபெரிக்குக் காத்திருந்த வரிசையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. பின்னால் நின்றவர்கள் போய்ப் பார்த்தபோது எஞ்சினை அணைத்திருந்தார். கை பிரேக்கையும் இழுத்திருந்தார். பெட்டியில் எழுநூறு முட்டை. ஒன்றும் உடையவில்லை.

அவர் பெயர் செய்யது மீரான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். முட்டை மீரான் என்றால் ஒருவர்தான். அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கத்துக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், வாத்து முட்டையும் கோழி முட்டையும் வாங்கி, கடல் தாண்டி எங்கள் தீவுக்குக் கொண்டுவந்து டவுனில் விற்பார். இருபது வருஷம் மாட்டு வண்டியில் துறை வரை வந்து, அங்கிருந்து தொங்கான் படகில் ஏற்றினார். ஐம்பத்தோரு வயதில் மாட்டை விற்று லோரி வாங்கினார்.

லோரி என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்த கார் அது. சீனத் தச்சர் ஒருவர் பின் சீட்டை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் திறந்த மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். முன்னால் துரை, பின்னால் வியாபாரி என்று தெருவில் சொல்வார்கள்.

ஓட்டக் கற்றுக்கொள்ள அத்தாவுக்கு ஒன்பது நாள் ஆனது. மாட்டை மறக்க அதைவிட நாளானது. பிரேக்கை மிதிக்கும்போது நாக்கால் 'ட்ரூ' என்று சத்தமும் கொடுப்பார். இரண்டில் எது வண்டியை நிறுத்துகிறது என்று அவருக்கு நிச்சயமில்லை. அதனால் கடைசி வரை இரண்டையும் விடவில்லை.

அம்மா ஹாஜராவுக்கு லோரியைப் பிடிக்கவில்லை.

"மாட்டுக்குக் கண்ணு இருக்கு. நீங்க தூங்கினாலும் அது ரோட்டைப் பார்க்கும். இதுக்கு என்ன இருக்கு?"

"ரெண்டு விளக்கு இருக்கு."

"விளக்கு காட்டும். பார்க்குமா?"

அத்தா தேநீர் கேட்டார். பதில் இல்லாதபோது அவர் தேநீர் கேட்பார்.

நான் அக்கரையில், பிறை என்ற ஊரில், ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் படித்தவன். வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஃபெரி ஏறி வீட்டுக்கு வருவேன். போன வருஷம் அப்படி வந்த ஒரு சனிக்கிழமை அத்தா என்னை லோரிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் கேட்டார்.

"தம்பி, இதுல முக்கியமான உறுப்பு எது? எஞ்சின்னு சொல்லாதே. அது எனக்கே தெரியும்."

குனிந்து காட்டினேன். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு. எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். அது இல்லையென்றால் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். பத்து நிமிஷம் விளக்கினேன். படித்தது பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் நிறுத்துவதில்லை.

"அப்ப இதான் இடுப்பு" என்றார்.

"இடுப்புன்னு வெச்சுக்கலாம்."

எதற்குக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து லோரி நடுங்க ஆரம்பித்தது.

எல்லா வேகத்திலும் இல்லை. மணிக்கு இருபத்தாறு மைல் வரை ஆட்டுக்குட்டி மாதிரிப் போகும். இருபத்தேழில் சீட்டுக்கு அடியில் ஏதோ முணுமுணுக்கும். முப்பதில் பல்லோடு பல் அடிக்கும். முப்பத்து மூன்றைத் தாண்டினால் சட்டென்று அடங்கிவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி. முதலில் உடைந்தது முட்டை. நூறு முட்டை ஏற்றினால் பதினெட்டில் கீறல்.

இருபத்தாறிலேயே போகலாமே என்று கேட்கத் தோன்றும். அம்மாவும் கேட்டார். கம்பத்துக்காரர்கள் காலையில் வாத்துக் கூட்டைத் திறந்து முட்டை பொறுக்கிக் கொடுக்கவே எட்டரை ஆகிவிடும். பத்து மணி ஃபெரியைப் பிடிக்க முப்பதில் வந்தால்தான் முடியும். விட்டால் அடுத்ததற்கு வெயிலில் நிற்க வேண்டும். அதற்குள் கப்பலுக்குச் சாமான் ஏற்றும் படகு போய்விடும். சரி, முப்பத்தைந்தில் போகலாமே.

"முப்பத்தஞ்சுல போனா முட்டை பொழைக்கும்" என்றார் அத்தா. "நான் பொழைப்பேனான்னு தெரியாது."

ரோட்டில் மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த லோரியின் பிரேக் எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரி.

கப்பல் என்று சொன்னேன். வியாழக்கிழமை தோறும் ரங்கூன் போகும் கப்பல்களுக்கு முட்டை, வெங்காயம், கோழி எல்லாம் கொடுப்பவர் இப்ராஹிம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர் கடை. அத்தாவின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் போகும். தகர டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு உள்ளே விளக்கு வைத்திருப்பார். ஓட்டையில் முட்டையை வைத்துத் திருப்பிப் பார்த்தால் உள்ளே கரு, வெளியே கீறல், எல்லாம் தெரியும். ஒரு முட்டையையும் பார்க்காமல் வாங்க மாட்டார்.

"மீரான் அண்ணே, இது முட்டையா, பூகோளப் படமா? ஆறு, கிளையாறு எல்லாம் ஓடுது."

"மேலாகத்தான் தம்பி."

"மேலாக ஓடுற ஆறு ரங்கூன் போறதுக்குள்ள உள்ள எறங்கிடும். சமையல்காரன் முட்டையைக் கடல்ல போட மாட்டான், என் பேரைப் போடுவான்."

முதல் வியாழன் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாவது வியாழன் சிரிக்காமல் சொன்னார். நாலாவது வியாழன் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். அதுதான் அத்தாவைப் பயமுறுத்தியது.

"அடுத்த வியாழன் ஒரு தடவை பார்க்கிறேண்ணே. அதுக்கு மேல என்னால முடியாது. பட்டர்வொர்த்துல ஒரு சீனத் தவுக்கே, பெரிய வியாபாரி, சம்பான் படகுல கொண்டாந்து தர்றேங்கிறார்."

கப்பல் முட்டை போனால் லோரிக்கு வேலை இல்லை. லோரி போனால் திரும்பிப் போக மாடு இல்லை. அத்தா இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் எங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பார்த்தாலே தெரியும். முட்டைக் கறி, முட்டைச் சம்பல், முட்டை அப்பம், முட்டை போட்ட ரசம். ரசத்தில் முட்டை போடலாம் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. தெருப் பூனை எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. அதற்கும் ஒரு அளவு உண்டு.

அத்தா சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குள் உமி கொட்டினார். உமிக்கு மேல் வைக்கோல். வைக்கோலுக்கு மேல் அம்மாவின் பழைய சாரோங்குகள். கடைசியாகப் புதுச் சாரோங் ஒன்றும் போய்விட்டது என்று கண்டுபிடித்த அன்று அம்மா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நடுங்கும் வேகத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம் என்று இருபத்தாறிலிருந்து ஒரே மிதியில் முப்பத்து நாலுக்குத் தாவிப் பார்த்தார். அப்படித் தாவியதில் உமி பறந்து, பின்னால் சைக்கிளில் வந்த போஸ்ட்மேன் வெள்ளையாகிவிட்டார்.

எங்கள் சந்தின் முனையில் சின்னையா அண்ணன் பட்டறை வைத்திருந்தார். சைக்கிளும் பார்ப்பார், மோட்டாரும் பார்ப்பார், குடையும் பார்ப்பார். அவருக்கு டயர் மேல்தான் சந்தேகம். முன் டயரைப் பின்னால் போட்டார். பின் டயரை முன்னால் போட்டார். இடதை வலதாக்கினார். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம். நாலாவது வாரம் எல்லா டயரும் முதலில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தன.

"டயர் இல்ல பாய்" என்றார். "ரோடுதான் சரியில்ல."

"இருபத்தாறுல நல்லா இருக்கிற ரோடு முப்பதுல எப்படிக் கெட்டுப்போகும்?"

"அது ரோட்டைத்தான் கேக்கணும்."

நாலாவது வியாழனுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் அத்தா விஷயத்தைச் சொன்னார். முழுவதையும், இப்ராஹிம் வாங்கிக் கொடுத்த தேநீர் உட்பட. நான் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நாலு வாரம் ஆச்சு."

"அதுக்கு முன்னால வண்டிக்கு என்ன செஞ்சீங்க?"

"வண்டிக்கு ஒன்னும் செய்யல."

அம்மா அப்போது எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சாசரில் சிந்தியது. அம்மா தேநீர் சிந்துகிறவர் அல்ல. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"அடியில பாரு தம்பி" என்றார் அத்தா.

"முறையாப் போவோம் அத்தா."

மறுநாள் விடிந்ததும் ஜெலுத்தோங் ரோட்டுக்கு லோரியைக் கொண்டுபோனோம். அத்தா ஓட்டினார். நான் பக்கத்தில். என்ன கருவி கொண்டுவந்தாய் என்று கேட்டார். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோழி முட்டையை எடுத்து, ஒரு சாசரில் வைத்து, என் மடியில் வைத்தார்.

"உன் பென்சிலுக்கு முன்னால இதுக்குத் தெரியும்."

உண்மை. இருபத்தேழில் என் பென்சில் ஒன்றும் சொல்லவில்லை. முட்டை சாசரில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. முப்பதில் கிடுகிடுவென்று ஆடியது. முப்பத்து நாலில் தூங்கிவிட்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, நின்ற நிலையில் எஞ்சினை மட்டும் வேகமாக ஓட்டச் சொன்னேன். எஞ்சின் கத்தியது. முட்டை அசையவில்லை. பிறகு முப்பத்தைந்து வரை போய், கியரை விலக்கி, வண்டியைத் தானாக உருள விடச் சொன்னேன். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இப்போது தொடர்பு இல்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து முப்பத்து மூன்றைத் தொட்டதும் முட்டை ஆட ஆரம்பித்தது. இருபத்தேழில் நின்றது.

"எஞ்சின் இல்ல" என்றேன்.

"நான் எஞ்சினைச் சந்தேகப்படவே இல்லையே. அடியில பாரு."

"ஸ்டீரிங் ஆடுதா?"

"இல்ல. சீட்டுதான் ஆடுது. அடியில."

"அப்ப முன் சக்கரமும் இல்ல. பின்னால ஏதோ."

"பின்னால இல்ல தம்பி, அடி..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு வீடு வரை 'ட்ரூ' மட்டும் இரண்டு தடவை.

சின்னையா அண்ணனின் பட்டறையில் லோரியின் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினோம். பின் சக்கரம் இரண்டையும் கழற்றச் சொன்னேன்.

"சக்கரத்தைக் கழட்டிட்டு எப்படித் தம்பி ஓட்டுறது?"

"ஓட்டப் போறதில்ல அண்ணே. சுத்தப் போகுது."

அம்மா தேநீர் கொண்டுவந்தவர் போகாமல் வாசலில் நின்றார். அத்தா ஏறி உட்கார்ந்து, மேல் கியரில் போட்டு, மெல்ல வேகத்தைக் கூட்டினார். நின்ற இடத்திலேயே வேக முள் ஏறியது. இருபது. இருபத்தைந்து. இருபத்தேழில் அலமாரியில் இருந்த டப்பாக்கள் பேச ஆரம்பித்தன. முப்பதில் ஆணிப் பெட்டி நடந்து போய் விளிம்பில் நின்றது. முட்டை சாசரிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. அன்றைய சோதனையில் உயிர் விட்டது அது ஒன்றுதான்.

எஞ்சினை அணைத்தார். சக்கரம் இல்லாமலே ஆடுகிறது. எஞ்சினும் இல்லை.

"அப்ப டயர் இல்ல" என்றார் சின்னையா அண்ணன். நாலு வாரம் டயர் மாற்றியவர் அதை அமைதியாகத்தான் சொன்னார்.

மிச்சம் இருப்பது நடுத்தண்டு. அது வளைந்திருக்கலாம், மூட்டுத் தேய்ந்திருக்கலாம். அடியில் போய்ப் படுத்தேன். மூட்டை அசைத்துப் பார்த்தேன், தளர்வு இல்லை. தண்டைக் கையால் மெல்லச் சுற்றினேன், வளைவு இல்லை. ஆனால் சுற்றி விட்டால் தண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. ஒரு பக்கம் கனம். அந்தப் பக்கத்தில், மூட்டை ஒட்டி, மண்ணும் கிரீஸும் அப்பிய ஒரு புடைப்பு. சின்னையா அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார், தண்டோடு வந்தது என்று நினைத்திருக்கிறார். பேனாக்கத்தியால் சுரண்டினேன். செப்புக் கம்பி. எட்டுச் சுற்று. இன்னும் சுரண்டினேன். பச்சைத் துணி.

வெளியே தலையை நீட்டினேன்.

"அத்தா, தண்டுல இது என்ன?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"ஹாஜரா, நான் சொன்னேனா?"

"இல்ல. நீங்க சொல்லல."

"நீ?"

"நானும் சொல்லல. அவனாத்தான் பார்த்தான்."

"சின்னையா, நீதான் சாட்சி."

"எதுக்குப் பாய்?"

அத்தா லோரியிலிருந்து இறங்கி, மாதக்கணக்கில் சுமந்த மூட்டையை இறக்கினவர் மாதிரி முட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மாவின் பயத்துக்காக அவர் சூலியா தெரு நாகூர் தர்காவுக்குப் போய், ஓதிக் கொடுக்கும் லெப்பையிடம் லோரிக்கு ஒரு தாயத்து கேட்டிருக்கிறார். லெப்பை ஆளுக்குக் கட்டும் அளவில், விரல் கணு நீளத்தில் ஒன்றை எடுத்திருக்கிறார். அத்தா ஒப்புக்கொள்ளவில்லை. லோரி இருபது ஆள் கனம், இது எப்படிப் போதும் என்று கேட்டிருக்கிறார். முட்டை வியாபாரி அல்லவா, எதையும் எடைக்கு எடை பார்ப்பார். லெப்பை சிரித்துக்கொண்டே பெரிய செப்புத் தகடாக எழுதி, குழலாகச் சுருட்டி, இரண்டு முனையையும் ஈயத்தால் அடைத்துக் கொடுத்தார். நாற்பது நாள் கழற்றக் கூடாது, கட்டியிருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். ஆளுக்கு இடுப்பில் கட்டுவார்கள். லோரிக்கு இடுப்பு எது என்று அத்தாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவனிடம் கேட்டார்.

அந்த ஒருவன் பத்து நிமிஷம் விளக்கியிருந்தான்.

"வண்டிக்கு ஒன்னும் செய்யலன்னீங்களே" என்றேன்.

"வண்டிக்கு என்ன செஞ்சேன்? ஒரு ஆணி அடிச்சேனா? பாதுகாப்புக்குக் கட்டினேன். சட்டை போட்டா ஒடம்புக்கு ஏதோ செஞ்சேன்னு அர்த்தமா?"

நான் தேநீர் கேட்டேன்.

குடித்துவிட்டு விளக்கினேன். தண்டு நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றுகிறது. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை வண்டியை இழுக்கும். முப்பது மைலில் அந்த இழுப்பும் வண்டி இயல்பாக ஆடும் ஆட்டமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. தொட்டில் ஆட்டுகிறவர் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. கழற்றிவிட்டால் நின்றுவிடும்.

"கழட்டக் கூடாது" என்றார் அம்மா.

"இன்னும் எட்டு நாள் இருக்கு" என்றார் அத்தா.

"வியாழன் இன்னும் நாலு நாள்ல வருது" என்றேன்.

அத்தா தரையில் உடைந்து கிடந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இப்ராஹிமின் விளக்கு, இன்னொரு பக்கம் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. நாலு வாரமாக அவர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கழட்டாம ஒரு வழி இல்லையா?" என்று அம்மா கேட்டார். "மூணு வருஷம் படிச்சியே."

இருந்தது. தண்டின் எதிர்ப்பக்கத்தில் அதே கனத்தில் இன்னொன்றைக் கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் கழற்றாமல் எப்படி எடை போடுவது?

"எடை தெரியும்" என்றார் அத்தா. "வாங்கின அன்னைக்கே கையில பார்த்தேன். ஒரு வாத்து முட்டை. பெருசு இல்ல, நடுத்தரம்."

சின்னையா அண்ணன் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் நாற்பது முட்டையைத் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்துவந்து தராசில் வைத்தார். அதற்கு எதிராக மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைப் போட்டு நிறுத்தோம். சின்னையா அண்ணன் உருக்கி ஊற்றினார். அம்மா வீட்டிலிருந்து பச்சைத் துணி கொண்டுவந்து, முதலாவதற்குப் போட்ட அதே தையலில் தைத்தார். எதிர்ப்பக்கத்தில் எட்டுச் சுற்றுக் கம்பி.

ஓட்டிப் பார்த்தோம். டப்பாக்கள் மெல்ல முணுமுணுத்தன. அவிழ்த்து, ஈயத்தில் சுண்டுவிரல் நகம் அளவு கூடச் சேர்த்துத் திரும்பக் கட்டினேன். முப்பதில் ஓட்டினோம். ஆணிப் பெட்டி நகரவில்லை. புதிதாக வைத்த முட்டையும் அசையவில்லை. அவர் கை கணக்குக்கும் தராசுக்கும் இருந்த வித்தியாசம் அந்த நகம் அளவுதான், அதுவும் பழைய துணியில் அப்பிய மண்ணாக இருக்கலாம்.

"இதுல ஒன்னும் ஓதலையே" என்றார் அத்தா.

"எடைக்கு எதுக்கு ஓதணும்?" என்றார் அம்மா.

"ஒரு பக்கம் பரக்கத்து, ஒரு பக்கம் வெறும் ஈயம். லோரி என்ன நினைக்கும்?"

"லோரிக்குத் தெரியாது பாய்" என்றார் சின்னையா அண்ணன். "முட்டைக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சிம்பாங் அம்பாட்டிலிருந்து துறை வரை அத்தா முப்பதிலேயே ஓட்டினார். முப்பத்தொன்று இல்லை, இருபத்தொன்பது இல்லை. மாடு குறுக்கே வந்த இரண்டு இடம் தவிர. பழைய எதிரியின் காலை மிதித்துக்கொண்டு நிற்பவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

இப்ராஹிம் தகர டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். நூறு பார்த்தார். இருநூறு பார்த்தார். அத்தா தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐந்நூறு முட்டையில் நாலு கீறல்.

"இந்த நாலும்?" என்றார் இப்ராஹிம்.

"அது வாத்தோட தப்பு."

இப்ராஹிம் விளக்கை ஊதி அணைத்தார். "அடுத்த வியாழன் இருநூறு கூடக் கொண்டாங்கண்ணே. தவுக்கேக்கு நான் சொல்லிக்கிறேன்." பிறகு, "நோய் என்னன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"நாலு நாள் கழிச்சுச் சொல்றேன்."

"ஏன், இப்பச் சொன்னா என்ன?"

"நாலு நாளா அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அத்தா லோரியில் ஏறினார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "உங்களுக்கு முன்னாலேயே தெரியும்தானே அத்தா? அடியில பாரு, அடியில பாருன்னு அத்தனை தடவை சொன்னீங்க."

"முட்டையை உடைக்காம உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுதான் என் தொழில்" என்றார்.

நாற்பது நாள் முடிந்தது. எந்தக் கெடுதலும் வரவில்லை. அதனாலேயே தாயத்தைக் கழற்ற அம்மா ஒப்பவில்லை. லோரி முப்பதில் ஓடியது, இருநூறு கூட ஏற்றிக்கொண்டு. ஆனால் அந்த வெறும் ஈயம் அவரை உறுத்தியது. தர்காவுக்குக் கொண்டுபோய் அதையும் ஓதி வாங்கிவிட வேண்டும் என்பார். வர்ற வியாழக்கிழமை என்பார். வியாழக்கிழமை கப்பல் முட்டை. வந்து சேரும்போதே களைத்துப்போவார். ஒரு வியாழன் மழை. ஒரு வியாழன் லெப்பை தைப்பிங் போயிருந்தார். ஈயத்தை அவிழ்த்தால் திரும்பக் கட்ட நான் வர வேண்டும், அது வரை லோரி நடுங்கும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கேட்பேன், அவிழ்த்துத் தரவா என்று.

"வர்ற வியாழக்கிழமை பார்ப்போம்லா."

அதற்குப் பிறகுதான் கிரீஸ் கப் பத்தானது. பதினோராவது, அந்த ஈயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் நான்தான் லோரியைத் துறையிலிருந்து ஓட்டி வந்தேன். முட்டைகளை முதல் நாளே இப்ராஹிம் ஆள் விட்டு எடுத்துப்போயிருந்தார். அன்று விளக்கில் பார்க்கவில்லை என்றார். ஃபெரியில் ஏற்றுமுன் நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் திருப்பி ஓட்டி, முப்பதில் வைத்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அடியில் படுத்து அந்த ஈயத்தை அவிழ்க்கப் போனேன். இரண்டும் ஒரே பச்சைத் துணி, ஒரே தையல், ஒரே எட்டுச் சுற்று. ஒரு வருஷத்து மண்ணும் கிரீஸும் இரண்டையும் ஒரே கறுப்பாக்கிவிட்டன. கட்டும்போது நான் குறி போட்டு வைக்கவில்லை. எது ஓதியது, எது ஓதாதது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கையில் வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

இரண்டையும் தர்காவுக்குக் கொண்டுபோக வேண்டும். வர்ற வியாழக்கிழமை.